மூன்று புள்ளி ஷாட் இவ்வளவு பெருகிவிட்ட பிறகு, கூடைப்பந்தில் சென்டருக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

பத்தாம் வகுப்பிலேயே நான் ஆறடியைத் தாண்டிவிட்டேன். குன்னூரில் அந்த உயரத்துக்கு ஒரு பையன் கிடைத்தால் பி.டி. சார் வேறெதுவும் பார்க்க மாட்டார். “ரிங்குக்குக் கீழே நில். பந்து வந்தா போடு. எவனாவது உள்ளே வந்தா கையைத் தூக்கு.” சென்டர், அதாவது அணியின் நெட்டையன், ஆட வேண்டியது என்று எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடினால் திட்டு, வெளியே நின்று ஷூட் செய்தால் பெஞ்சு.

கோயம்புத்தூரில் ஒரு டோர்னமென்ட். எதிரணி சென்டர் என்னைவிட நாலு விரல் குட்டை. அவன் ரிங் பக்கமே வராமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான் (அங்கிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி). சார் சொன்னபடி நான் ரிங்கை விட்டு நகரவில்லை. அவன் அங்கிருந்தே இரண்டு போட்டான். மூன்றாவது தடவை ஓடிப் போய் மறித்தேன். நான் விட்டுப்போன இடத்தில் அவர்களுடைய கார்டு, பந்தை ஓட்டி வருபவன், நுழைந்து, யாருமே தொடாமல் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து லே-அப் போட்டான். டைம்-அவுட்டில் சார் போகாததற்கும் திட்டினார், போனதற்கும் திட்டினார்.

உங்கள் கேள்விக்கான பதில் ஏறக்குறைய இந்தக் கதையிலேயே இருக்கிறது. சென்டர்கள் மூன்று புள்ளி போடப் பழகியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர்களை மறிக்கும் சென்டர் எங்கே நிற்பது என்பதுதான் பெரிய தலைவலி.

கணக்கை மட்டும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80 சீசனில். அப்போது ஓர் அணி ஒரு மேட்சுக்கு மூன்று தடவைகூட அங்கிருந்து முயன்றதில்லை. இன்று 35 தடவைக்கு மேல். வெளியிலிருந்து நூற்றுக்கு 35 விழுந்தால் 105 புள்ளி. ரிங்குக்கு முதுகைக் காட்டி, இடித்து இடித்து உள்ளே போய், சுழன்று போடும் பழைய சென்டர் அந்த 105-ஐ எடுக்க நூற்றுக்கு 53 போட வேண்டும். ஷாக்கீல் ஓ’நீல் போன்றவர்களுக்கு அது சாதாரணம். அவர் வாழ்நாள் முழுக்கப் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று. ஆனால் ஷாக் மாதிரி எத்தனை பேர் கிடைப்பார்கள்?

புரூக் லோபஸ் கதை எனக்குப் பிடித்தமானது. ஏழடி மனிதர். முதல் எட்டு சீசன்களில் மொத்தமே மூன்று மூன்று-புள்ளி. ஒன்பதாவது சீசனான 2016-17-ல் மட்டும் 134! வளர்ந்த மனிதர் தொழிலையே புதிதாகக் கற்றுக்கொண்டார். அப்புறம் மில்வாக்கி அணியோடு 2021 கோப்பையையும் வென்றார். வேடிக்கை என்னவென்றால், எதிரணி பந்து வைத்திருக்கும்போது இதே லோபஸ் எங்கள் பி.டி. சார் சொன்ன இடத்தில்தான், ரிங்குக்குப் பக்கத்தில்தான், நிற்பார்.

நடுவில் சென்டர் செத்தான் என்று எழுதியவர்களும் உண்டு. 2015 இறுதிச் சுற்றில் 2-1 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, ஏழடி சென்டர் போகட்டை முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, ஆறடி ஆறு அங்குல டிரேமண்ட் கிரீனை சென்டராக்கி அடுத்த மூன்று மேட்சையும் ஜெயித்தது. 2020-ல் ஹூஸ்டன் அணி இன்னும் துணிந்து, தன் சென்டர் கபேலாவை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு ஆறடி ஐந்து அங்குல டக்கரை அங்கே நிறுத்தியது. இரண்டாவது சுற்றில் லேக்கர்ஸிடம் தோற்று வெளியேறியது. எல்லோரிடமும் ஒரு டிரேமண்ட் கிரீன் இருப்பதில்லை.

சரி, என் தலைவலிக்கு வருகிறேன். யூட்டா அணியின் சென்டர் ரூடி கோபேர் 2021 வரைக்குமே சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியிருந்தார். அந்த வருடப் பிளே-ஆஃபில், அதாவது கோப்பைக்கான சுற்றுகளில், எதிரணியான கிளிப்பர்ஸ் ஒரு தந்திரம் செய்தது: உயரமான சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே பரப்பியது. ஆறாவது மேட்சில் யூட்டா 25 புள்ளி முன்னிலையில் இருந்தது. கார்டுகள் முன்னால் இருப்பவனைத் தாண்டி உள்ளே வர, கோபேர் ரிங்கைக் காக்க நகர, மூலையில் கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மேன் தனியாக நின்றார். ஏழு மூன்று-புள்ளி ஷாட், மொத்தம் 39 புள்ளி. யூட்டா தோற்றது. மறுநாள் உலகமே கோபேரைத் திட்டியது. எனக்கென்னவோ அவர்மேல் கோபமே வரவில்லை. வெளியே காவலை விட்டது நாலு பேர், பழி ஒரு நெட்டையன் தலையில். அந்த டைம்-அவுட் நினைவுக்கு வந்துவிட்டது.

இந்த இழுபறியை இன்னொரு பக்கமாகப் பயன்படுத்துபவர் டென்வர் அணியின் சென்டர் நிகோலா யோகிச். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-ல் 41-வதாக எடுக்கப்பட்டவர். 2021, 2022, 2024 என்று மூன்று எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருது. அவர் ரிங்கிலிருந்து தள்ளி நின்று பந்தை வாங்குவார். மறிக்கும் சென்டரும் கூடவே வந்தாக வேண்டும். ரிங்குக்கு முன்னால் ஆளில்லை. அங்கே வெட்டி ஓடுபவன் கையில் பந்தை வைத்துவிடுவார். ஷூட் செய்யவே வேண்டாம், செய்வார் என்ற பயம் போதும். (அவருடைய டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரம், அங்கே மூச்சு வாங்குகிறது என்று எதிரணிகள் புலம்பும். குன்னூர் 1,800-க்கு மேல். எங்களைப் பற்றி யார் எழுதினார்கள்?)

இப்போது சாயங்காலங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்பு நெட்டைப் பையன் ஒருவன், “அண்ணா, நானும் வெளியேருந்து போடவா?” என்று பயந்துகொண்டே கேட்டான். போடச் சொன்னேன். பத்துக்கு ஒன்று விழுகிறது, இருக்கட்டும். அதைவிட, மறிப்பவன் வெளியே வந்தானா என்று பார்த்துப் பந்தைக் கொடுக்கப் பழகுகிறான்.

மேகம் இறங்கிவிட்டால் மட்டும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து ரிங்கே தெரியாது. அன்றைக்கு எல்லோரும் கீழேயே முட்டிக்கொள்வோம். அப்போது நானும் ஆட இறங்கிவிடுவேன்.