குழந்தை பார்வையைத் திருப்பும் வரை

கேள்வி: கல்லூரியில் மொழியியல் கற்பிக்கிறேன். கைக்குழந்தைகளின் மொழிப்பேறு குறித்த ஆய்வுகளை ஒரு பருவம் முழுவதும் பாடமாக நடத்த வேண்டும். ஆய்வுத் திட்டம், தரவு, கணக்கீடு ஆகியவற்றைப் பிறரும் சரிபார்க்கும்படி வெளிப்படையாக வைக்கும் ‘திறந்த அறிவியல்’ முறைகளுக்குக் கடைசி இரண்டு வாரங்களை ஒதுக்கினால் போதுமா? ஆய்வகம் இல்லாத வகுப்பில் மாணவர்களை எதைச் செய்யச் சொல்வது?
— மொழியியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: கடைசி வாரங்களுக்குத் தள்ளிவிடாதீர்கள், முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பேச்சு வராத குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால், இத்துறை முழுவதும் மறைமுக அளவைகளை நம்பியே இயங்குகிறது. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்தால் நாம் எழுதும் இரண்டு ஒலிகளை, அதாவது ‘பந்து’ என்பதில் வரும் ஒலியையும் ‘கம்பு’ என்பதில் வரும் ஒலியையும் போன்றவற்றை, ஒரு மாதக் குழந்தையும் பிரித்தறிகிறது என்று 1971இல் பீட்டர் எய்மாஸும் அவருடைய குழுவினரும் காட்டியபோது, அவர்கள் அளந்தது குழந்தை ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தைத்தான். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் அளக்கப்படுவது, ஒலி வரும் பக்கத்தைக் குழந்தை எத்தனை வினாடி பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது. அந்த வினாடிகளுக்குப் பொருள் தருபவர் ஆய்வாளர். அந்தப் பொருளை அவர் எப்போது முடிவு செய்தார் என்ற கேள்வியிலிருந்துதான் திறந்த அறிவியல் தொடங்குகிறது.

இதை விளக்க, ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. பொருளற்ற நான்கு மூவசைச் சொற்களை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்ட எட்டு மாதக் குழந்தைகள், எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்ற நிகழ்தகவைக் கொண்டே சொல்லின் எல்லையை உணர்ந்தன என்பது அதன் முடிவு. குழந்தைகள் அதிக நேரம் செவிகொடுத்தது, முன்பு கேட்ட சொற்களுக்கு அல்ல, புதிய சேர்க்கைகளுக்கு. வேறு பல ஆய்வுகளிலோ பழகிய ஒலியை அதிகம் கேட்பதே கற்றலின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. எந்தப் பக்கம் வேறுபாடு வந்தாலும் ‘கற்றுக்கொண்டது’ என்று எழுதிவிடக்கூடிய துறையில், எந்தத் திசையை எதிர்பார்க்கிறோம் என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே தேதியுடன் பதிந்து வைப்பது, அதாவது ‘முன்பதிவு’, வெறும் சம்பிரதாயம் ஆகாது. அப்படிப் பதியாவிட்டால், அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்றே சொல்வேன்.

ஆகவே வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பொதுவில் கிடைக்கும் ஒரு தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, முதலில் சோதனையின் விவரத்தை மட்டும் கொடுங்கள். அழுத குழந்தையின் பதிவை எப்போது நீக்குவது, குறைந்தது எத்தனை சுற்றுகள் (ஒவ்வொரு முறை ஒலியைக் கேட்கவிடுவதும் ஒரு சுற்று) முடித்த குழந்தையைக் கணக்கில் சேர்ப்பது, பார்வையை எத்தனை வினாடி திருப்பினால் ஒரு சுற்று முடிந்ததாகக் கொள்வது (இரண்டு வினாடி என்பது பரவலான வழக்கம்) என்பதையெல்லாம் ஒவ்வொரு குழுவும் காரணத்துடன் எழுதி ஒப்படைக்கட்டும். அதன் பிறகே தரவைக் கொடுங்கள். நியாயமான முடிவுகளை எடுத்த குழுக்களே வெவ்வேறு விடைகளுடன் வந்து நிற்கும்போது, முன்பதிவு ஏன் தேவை என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது. கணக்கிடும் நிரல்வரிகளை ஒரு குழு எழுதி, இன்னொரு குழு இயக்கிப் பார்த்து அதே எண்கள் வருகின்றனவா என்று சரிபார்ப்பதையும் மதிப்பெண்ணில் சேருங்கள்.

தரவுக்குப் பஞ்சமில்லை. பிரையன் மெக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984இல் தொடங்கிய ‘சைல்ட்ஸ்’ களஞ்சியத்தில் பல மொழிக் குழந்தைகளின் உரையாடல்கள் எழுத்துவடிவில் உள்ளன. குழந்தைகளின் சொல்வளம் பற்றிப் பெற்றோர் நிரப்பிய படிவங்கள் ‘வேர்ட்பேங்க்’கில் கிடைக்கின்றன.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக இருபது குழந்தைகளைச் சேர்ப்பதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. முன்பதிவு செய்த பிறகு எந்த வேறுபாடும் தெரியாவிட்டால் என் உழைப்பு வீண்தானே?
— ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: வீணாகாது, ஆனால் ‘குழந்தைகளுக்கு அந்தத் திறன் இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இருபது பேரிடம் சிறிய விளைவு கண்ணில் படாமல் போவது இயல்பு. ‘மெனிபேபீஸ்’ கூட்டமைப்பு 67 ஆய்வகங்களில் 2,329 குழந்தைகளைக் கொண்டு செய்த முதல் ஆய்வை 2020இல் வெளியிட்டது. பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிட, குழந்தையைக் கொஞ்சிப் பேசும் பேச்சையே குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்பது அதில் உறுதியானது. ஆனால் விளைவின் அளவு, அதாவது அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் எண், 0.35தான். முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு காட்டிய 0.67இல் இது ஏறத்தாழப் பாதி. வேறுபாடு கிடைத்த ஆய்வுகள் அச்சேறி, கிடைக்காதவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவது இத்தகைய இடைவெளிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் ஆய்வு இழுப்பறைக்குப் போகக்கூடாது என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். முறையையும் பெயர் நீக்கிய தரவையும் முழுமையாக வெளியிட்டால், பின்னால் தொகுத்து ஆராய்பவர் உங்கள் இருபது குழந்தைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார். தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிட ஒப்புக்கொள்ளும் இதழ்களும் உண்டு. ‘கார்டெக்ஸ்’ இதழ் 2013இல் அந்த வழியைத் தொடங்கியது.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையை ஆய்வுக்கு அழைத்துச் செல்லக் கேட்கிறார்கள். ‘திறந்த தரவு’ என்றால் என் மகளின் காணொளியை எல்லோரும் பார்ப்பார்களா?
— ஒரு தாய்

பதில்: நீங்கள் அனுமதி தராமல் யாரும் பார்க்கக்கூடாது. ஆய்வில் பங்கேற்கச் சம்மதிப்பது வேறு, பதிவைப் பகிரச் சம்மதிப்பது வேறு. முதலாவதற்கு ஒப்புக்கொண்டு இரண்டாவதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொதுவில் வைக்கப்படுவது பெரும்பாலும் பெயரில்லாத எண்கள்தான்: வயது, பார்த்த நேரம், சுற்றுகளின் எண்ணிக்கை. காணொளிகளைச் சேமிக்கும் ‘டேட்டாப்ரரி’ போன்ற களஞ்சியங்கள், தம் நிறுவனத்தின் வழியே ஒப்பந்தம் செய்த ஆய்வாளர்களுக்கு மட்டுமே அவற்றைத் திறக்கின்றன. பகிர்வுக்கான கையெழுத்தைப் பதிவு முடிந்த பிறகு கேட்கும்படி ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அன்று உங்கள் மகள் சிரித்தாளா, அழுதாளா, காணொளியில் வேறு என்ன பதிவாயிற்று என்பதெல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.