வாசகர் கேள்வி – பதில்: ரேடியோ நெல்

கேள்வி (ஒரு வாசகி, பாபநாசம்): ஏடிடி 27 என்ற பழைய நெல்லை என் மாமனார் ‘ரேடியோ நெல்’ என்கிறார். நெல்லுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் மாமனாரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவே அப்படித்தான் சொன்னது. ஜப்பான் ரகத்தையும் நம் ஊர் ரகமான ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து உருவாக்கிய நெல் அது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1965-ல் வெளியிட்டார்கள். 105 நாளில் அறுப்புக்கு வந்துவிடும், குறுவை என்கிற குறுகிய காலச் சாகுபடிக்குப் பொருத்தம். மறுவருஷம் திருச்சி வானொலியில் விவசாயத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, இந்த நெல்லை எப்படிச் சாகுபடி செய்வது என்று விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். ரகத்தின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ‘ரேடியோவில் சொன்ன நெல்’ என்று கேட்டு வாங்கினார்கள்; என் அப்பாவும் அப்படித்தான் வாங்கினார்.

எனக்கு அப்போது பத்து வயது. திருவிடைமருதூர் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டில் ரேடியோ கிடையாது, பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலமானால் அரசமரத்தடியில் ஆண்கள் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்க வராது என்பதால் கணக்கு நோட்டோடு என்னையும் கூட்டிப்போவார். உர அளவை ரேடியோவில் ஏக்கருக்குச் சொல்வார்கள். எங்கள் பக்கம் மா கணக்கு, மூன்று மா ஓர் ஏக்கர். நான் மூன்றால் வகுத்து எழுதிக்கொள்வேன். பிறகு மற்றவர்களும் ‘பாப்பா, எங்களுக்கும் பார்த்துச் சொல்லு’ என்று வந்துவிடுவார்கள். எனக்கு வகுத்தல் வந்தது அந்த மரத்தடியில்தான்.

முதல் குறுவை அமோகமாக விளைந்தது. ஆனால் அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. களத்தில் குவித்த ஈர நெல் முளைவிட ஆரம்பித்ததைப் பார்த்து அம்மா அழுதாள். அப்பா சொல்லச் சொல்ல, ஒரு கார்டில் வானொலி நிலையத்துக்கு எழுதினேன். சில வாரம் கழித்துக் கடிதங்களுக்குப் பதில் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். நெல்லைக் குவித்து வைக்காதீர்கள், மெல்லியதாகப் பரப்புங்கள், அடிக்கடி கிளறிவிடுங்கள் என்றார்கள். அந்த வருஷத்துக்கு அது உதவவில்லை. ஆனாலும் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று கேட்டார்.

கேள்வி (ஒரு வாசகர், திருச்சி): அந்தக் காலத் திருச்சி வானொலி உண்மையிலேயே உயர்வானதா, அல்லது அப்போது நீங்கள் சிறுமியாக இருந்ததால் அப்படித் தோன்றுகிறதா?

யோசித்துத்தான் சொல்கிறேன்: உயர்வானதுதான். 1939 மே 16-ல் தொடங்கிய நிலையம் அது. சங்கீதம், நாடகம், ஒலிச்சித்திரம் எல்லாம் அங்கே கேட்டிருக்கிறேன். அவற்றை மற்ற நிலையங்களிலும் கேட்கலாம். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, எங்கள் நாற்றில் பூச்சி விழுந்ததா என்று தெரிந்து பேசியது திருச்சி மட்டும்தான். கார்டு போட்டால் பதில் வரும் என்று ஒரு குடியானவர் நம்பினாரே, அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பது சுலபமில்லை. இப்போது கைப்பேசியில் ஆயிரம் விவசாய வீடியோக்கள் இருக்கின்றன. என் தம்பி மகன் பார்க்கிறான். எது தன் மண்ணுக்குச் சரி என்று தெரியாமல் என்னிடம் வந்து கேட்கிறான்.

கேள்வி (ஒரு வாசகர், கும்பகோணம்): தாத்தாவின் பெட்டியில் தபால் ஆபீஸ் முத்திரை குத்திய சின்னப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ‘ரேடியோ லைசன்ஸ்’ என்று இருக்கிறது. ரேடியோ கேட்க லைசன்ஸா?

ஆமாம். ரேடியோ வைத்திருந்தால் வருஷாவருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): பழைய நிகழ்ச்சிகளில் ஒன்றே ஒன்றை மறுபடி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

பாட்டு எதுவும் வேண்டாம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்வார்களே, அதைக் கேட்கவேண்டும். பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. நீர்மட்டம் வரும் நேரத்தில் அப்பா தட்டில் கைவைத்தபடி சாப்பிடாமல் இருப்பார். அணையின் முழு அளவு 120 அடி. ஜூன் 12-ல் திறப்பார்களா, மாட்டார்களா என்பது அந்த எண்ணில் இருந்தது. தொண்ணூறைத் தாண்டிவிட்டால் ‘இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று’ என்பார்.