மாலில் எதை வாங்குவது, தெருவில் எதை வாங்குவது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு பெருநகரத்துக்குப் போகிறோம். நாலு பேருக்கும் துணிமணி, காலணி, ஒரு பவர் பேங்க், தோதாக அமைந்தால் ஒரு பழைய போன் வாங்க வேண்டும். கையில் இருப்பது மூன்று நாள். மால், மலிவு விலைக் கடைத்தெரு, பிளீ மார்க்கெட் எனும் பழைய பொருள் சந்தை மூன்றுமே அங்கே உண்டு. எதை எங்கே வாங்கலாம்? எனக்குப் பேரம் பேசவும் வராது.

பதில்: பேரத்தை அப்புறம் பார்ப்போம். தொட்டுப் பார்த்தே தரம் தெரிந்துவிடுகிற பொருளைத் தெருவில் வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாத பொருளை பில் தருகிற கடையில் வாங்குங்கள். முக்கால்வாசிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பவர் பேங்கைப் பாருங்கள். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது, வழியில் வீணாவதும் போக, நல்ல பொருளிலேயே 6,000 சொச்சம்தான் கிடைக்கும். ஒழுங்கான கம்பெனி அந்த இரண்டாவது எண்ணையும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டியில் 50,000 என்று எழுதியிருந்தால் நடையைக் கட்டுங்கள். பழைய போனும் இதே வகைதான். *#06# அழுத்தினால் வருகிற 15 இலக்க எண் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். திரும்பத் திறக்கும்போது முந்தைய ஆளின் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்டால் அந்தப் போன் வேண்டாம்.

மாலில் கூடுதலாகக் கொடுக்கிற காசு ஏசிக்கு மட்டும் போவதில்லை. பாரிஸில் 'போன் மார்ஷே' கடைக்கு 1852இல் பங்குதாரராக வந்த அரிஸ்டைட் பூசிகோ பொருளின் மேலேயே விலையை ஒட்டினார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் விட்டார். இன்று மாலில் நீங்கள் வாங்குவதும் அந்த உரிமையைத்தான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பிராண்டுகள் தள்ளுபடியில் விற்கிற அவுட்லெட் கடை என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே இருப்பதெல்லாம் விற்காமல் மிஞ்சிய சரக்கு இல்லை. அவுட்லெட்டுக்கென்றே மட்டமான துணியில் தைத்து அனுப்புகிற பிராண்டுகளும் உண்டு.

முதல் நாள் மாலுக்குப் போய், எதுவும் வாங்காமல் போட்டுப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். யாருக்கு எந்த அளவு, நல்ல துணி கைக்கு எப்படி இருக்கும், விலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வந்த காரியத்தை மறந்து கடை கடையாக ஏறி இறங்குவதற்கு 'குரூயன் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்காவில் 1956இல் திறந்த சவுத்டேல் மாலை வடிவமைத்த விக்டர் குரூயனின் பெயர் அது. மனிதர் பிற்காலத்தில் மால்களையே கைகழுவிவிட்டார்!

துணிமணிக்குக் கடைத்தெருதான். ஏற்றுமதி ஆர்டருக்குத் தொழிற்சாலைகள் கொஞ்சம் கூடுதலாகவே தைக்கும். மிஞ்சியதும், சோதனையில் தள்ளியதும் லேபிள் வெட்டப்பட்டு ஒரே குவியலாகத் தெருவுக்கு வரும். மிஞ்சியது லாபம், தள்ளியது வம்பு. சட்டையை நடுவில் மடித்து இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒன்று நீண்டிருந்தால் அது தள்ளிய சரக்கு. உள்பக்கம் புரட்டி, தையலின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். இடைவெளியில் நூல் பல்லைக் காட்டினால் நாலு துவைப்புக்குத் தாங்காது. அடர்ந்த நிறமாக இருந்தால் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். கடை விளக்கை நம்பவே நம்பாதீர்கள். ராத்திரி நீலம் என்று நான் வாங்கி வந்த சட்டை விடிந்ததும் பச்சையாக இருந்தது. வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சரி, பேரம். 'பாதி விலைக்குக் கேள்' என்பார்கள். அது கடைக்காரருக்கும் தெரியும், அதற்கேற்ப ஏற்றித்தான் சொல்வார். முதலில் காதில் விழுகிற விலை மனதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் லாபம் போலத் தோன்றும். அதனால் விலை கேட்பதற்கு முன்பே இந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுப்போம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே சரக்கு பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இருக்கும். மூன்று கடையில் கேட்டாலே உண்மை விலை பிடிபடும். பேச்சு வராதவர்கள் மூன்று நாலு உருப்படியாகச் சேர்த்து எடுத்து, "மொத்தமாக என்ன போடுவீர்கள்?" என்று கேட்டால் போதும். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் பின்வாங்காதீர்கள். மெயின் ரோட்டுக் கடையைவிட உள் சந்திலும் மாடியிலும் இருக்கும் கடைகளுக்கு வாடகை குறைவு. அங்கே விலையும் இறங்கி வரும்.

பிளீ மார்க்கெட்டில் நல்ல பொருள் வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள், விலை குறைய வேண்டுமென்றால் மூட்டை கட்டும் நேரத்தில் போங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அங்கே காலணி மட்டும் வாங்க வேண்டாம். பெட்டி பிரிக்காத ஷூவாக இருந்தாலும் ஆபத்துதான். பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே வருடக் கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். நான் ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கிய புத்தம்புது பழைய ஷூ, பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. மீதித் தூரம் வெறுங்காலோடுதான் நடந்தேன்.