அக்காவின் டைமிங் தங்கைக்கு எதற்கு?

கேள்வி: எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு 17 வயது. 400 மீட்டர் ஓட்டத்தில் நிறையப் பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். இளையவளுக்கு 13. அவளும் அதே கோச்சிடம், அதே ஓட்டத்துக்குத்தான் பயிற்சி எடுக்கிறாள். போன வருடம் வரை ஆசையாகப் போனவள், இப்போது போட்டிக்கு முந்தின நாள் வந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். ஒரு வருடமாக அவளுடைய நேரம் 66 விநாடியிலேயே நிற்கிறது. இதே வயதில் அக்கா 62-இல் ஓடினாள். ‘எல்லாரும் அக்கா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க, நான் நிறுத்திக்கிறேன்’ என்று போன வாரம் அழுதாள். ‘உன்னாலயும் அக்கா மாதிரி முடியும்’ என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. அவளை எப்படி ஊக்கப்படுத்துவது? வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது அந்த 62-இல்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் மூத்தவள் ஓடிய நேரம் உங்களுக்கு இன்னும் நாக்கு நுனியில் இருக்கிறது. உங்களுக்கு நினைவிருந்தால் கோச்சுக்கும் நினைவிருக்கும், சின்னவளுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கும். டிராக்கில் அவளோடு ஓடுகிற பிள்ளைகளைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெண்ணும் ஒவ்வொரு முறையும் அவளை முந்திக்கொண்டிருக்கிறாள். ‘உன்னாலயும் அக்கா மாதிரி முடியும்’ என்று நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அவள் காதில் விழுவது ‘இன்னும் அக்கா மாதிரி ஆகலை’ என்பதுதான்.

முதலில் அந்தக் கணக்கே சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் 13 வயது என்பதால் இருவருக்கும் ஒரே உடம்பு என்று ஆகாது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரம் கூடுவது சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி. சிலருக்கு அது ஓரிரு வருடம் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் இந்த வித்தியாசம் இருக்கும். சீக்கிரம் வளர்ந்துவிட்ட பெண் பதின்மூன்றில் பெரிய திறமைசாலியாகத் தெரிவாள். தாமதமாக வளர்பவள் அதே வயதில் பின்தங்கியவளாகத் தெரிவாள். இந்த இடைவெளியில் பெரும்பங்கு பதினேழு, பதினெட்டில் தானாகவே குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கால் சட்டென்று நீளும்போது ஓட்டத்தின் தாளம் கொஞ்ச காலம் குலைந்துபோகும். பருவமடையும் காலத்தில் எடை கூடும், இடுப்பு அகலமாகும். தசையின் பலம் அதற்கு ஈடுகொடுக்கச் சில காலம் பிடிக்கும். இந்த வயதில் ஓடுகிற பெண்கள் பலருக்கு ஒன்றிரண்டு வருடம் நேரம் குறையாமல் நிற்கிறது, சிலருக்குக் கூடவும் செய்கிறது. அதைப் பார்த்துப் பயந்துபோய் ‘மனசு தளர்ந்துடுச்சு’ என்று பெற்றோரும், ‘உழைப்பு போதலை’ என்று பயிற்சியாளரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம் வரும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். சின்னவளுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, அந்தச் சமயத்து நேரத்துக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே 66-ஐ விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் என்றால், அந்தப் பெண் தேங்கி நிற்கிறாள் என்று யார் சொல்வார்கள்? நோட்டு அவளுடையது. அக்காவின் எண் அதில் ஒரு பக்கத்திலும் வரக்கூடாது. கோச்சிடமும் இதைச் சொல்லுங்கள், அப்படியே அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

வயிற்று வலியை நடிப்பு என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் பதற்றம் பெரும்பாலும் வயிற்றில்தான் வந்து உட்காரும், வலி உண்மையாகவே இருக்கும். போட்டி இல்லாத நாளிலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் ஆரம்பித்திருந்து, பிறகு மூன்று மாதம் வராமல் இருந்தாலும் காட்ட வேண்டும். பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாத பெண்களுக்கு இது நடக்கும், எலும்பும் பாதிக்கப்படும். ‘ஓடுறவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, வேறு விளையாட்டுக்கு மாற்றலாமா? பலரும் தரும் ஆலோசனை இது. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. அவள் அழுதபோது சொன்னதைத் திரும்பப் படியுங்கள். ஓடப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுவது பிடிக்கவில்லை என்றாள். ஓட்டத்தை நேசிக்கிற பிள்ளையை ஷட்டில் மட்டையோடு வேறு பக்கம் அனுப்பினால், அக்காவுக்காக இடத்தைக் காலிசெய்து கொடுத்ததாகத்தான் அவளுக்குத் தோன்றும்.

மூத்தவள் வீட்டில் இல்லாத ஒரு நேரத்தில், பயிற்சி முடிந்த அலுப்பில் இல்லாதபோது, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘அக்கா ஓட்டப்பந்தயத்துக்கே போனதில்லைன்னு வெச்சுக்கோ. அப்பவும் நீ ஓடுவியா?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.

‘ஓடுவேன்’ என்றால் சுற்றியிருப்பதை மாற்ற வேண்டும். வேறு நேரத்துப் பயிற்சிக் குழுவோ, முடிந்தால் வேறு கோச்சோ பாருங்கள். 800 மீட்டரோ தடை ஓட்டமோ நீளம் தாண்டுதலோ முயன்று பார்க்க அவளே ஆசைப்பட்டால் விடுங்கள். பதின்மூன்றிலேயே ஒரே போட்டியில் கட்டிப்போடுவது எப்படியும் நல்லதல்ல. பதினைந்து, பதினாறு வயது வரை பலதும் விளையாடட்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும். அப்புறம், அக்காவின் பழைய ஸ்பைக்ஸ் ஷூவை அவள் போட்டுக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

இந்நேரம் யாராவது உங்களிடம் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதையைச் சொல்லியிருப்பார்கள். அக்கா வீனஸ்தான் முதலில் புகழ் பெற்றார், ஆனால் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை 1999-இல் தங்கைதான் முதலில் வென்றார், கடைசியில் 23 பட்டம், அக்காவுக்கு 7. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சின்னவளிடம் சொன்னால், அக்காவைத் தோற்கடித்தால்தான் விடிவு என்று ஆகிவிடும். உங்கள் சின்னவள் அக்காவை ஒருநாளும் முந்தாமலே போகலாம்.

அதைவிட செஸ் வீராங்கனை வைஷாலியின் பாதை எனக்குப் பிடிக்கும். 12 வயதுக்குட்பட்டோர், 14 வயதுக்குட்பட்டோர் என்று சிறுமியருக்கான இரண்டு உலகப் பட்டங்களை வென்றவர் அவர். அப்படியும் தம்பி பிரக்ஞானந்தா 2018-இல், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்காவுக்கு அந்தப் பட்டம் 2023 டிசம்பரில், 22 வயதில்தான் வந்தது. இடையில் அந்த ஐந்து வருடமும் அவர் ஆடிக்கொண்டேதான் இருந்தார். உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில், 2024-இல் இருவருமே அவரவர் பிரிவில் ஆடினார்கள். தம்பியை முந்த வேண்டிய அவசியம் எதுவும் வரவில்லை.

மூத்தவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கைக்காக அவளுடைய பதக்கங்களை எடுத்து ஒளித்துவைக்க வேண்டாம். சின்னவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள், பரிதாபப்படுகிறார்கள் என்று இன்னும் புண்படுவாள். தங்கைக்குச் சொல்லிக்கொடு என்றும் மூத்தவளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கும் தன் ஓட்டத்தின் பாரம் இருக்கிறது.

‘அப்பவும் நீ ஓடுவியா?’ என்ற கேள்விக்கு ‘ஓட மாட்டேன்’ என்று பதில் வந்தால்? ஏற்கெனவே பெயர் கொடுத்த போட்டி ஏதாவது இருந்தால் அதை ஓடுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். அதன் பிறகு மூன்று மாதம் டிராக் பேச்சே எடுக்காதீர்கள். திரும்ப வர விரும்பினால் வரலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். கோச்சிடம் போய்ச் சொல்லும் வேலையை மட்டும் அவள் தலையில் போடாதீர்கள், நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.