"அது விளம்பரம்தான்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் போதுமா?

விளம்பரம் பொய் என்று பெற்றோர் எடுத்துச் சொன்னால் போதாதா, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஓரளவு பயன்படும். நான்கு வயதுக் குழந்தைக்குப் பயன்படாது என்பதே என் பதில்.

தன்னிடம் பேசுபவர் விற்பதற்காகவே பேசுகிறார் என்பதை உணரும் ஆற்றல் சுமார் எட்டு வயதுக்கு முன் குழந்தைகளுக்கு வாய்ப்பதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் தெரிவித்தது. என் மகள் பார்க்கும் பொம்மைக் காணொளியை இடையில் நிறுத்தி, "இவர் ஏன் இதை இவ்வளவு புகழ்கிறார்?" என்று கேட்டால், "அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதான்" என்று தயங்காமல் சொல்கிறாள். நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பெரியவர்களுக்கே பிரித்தறிய முடியாத இக்காலத்தில், அவளிடம் வேறு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை மிகவும் பாதித்தது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை, ஒன்றை வெற்று உறையிலும் மற்றொன்றை மெக்டொனால்ட்ஸ் சின்னம் பொறித்த உறையிலும் வைத்துக் கொடுத்து, எது சுவையாக இருக்கிறது என்று கேட்டார்கள். கேரட்டைப் பொறுத்தவரை ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் சின்னம் உள்ளதையே சுட்டினர். வெற்று உறையில் இருந்ததைச் சுட்டியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. இரண்டும் ஒரே கேரட்! நாக்கு உணரும் சுவையையே சின்னம் மாற்றிவிடுகிறது என்றால், வீட்டில் நாம் சொல்லும் அறிவுரை எந்த இடத்தில் போய் நிற்கும்?

விளம்பரம் பிள்ளைகள் உண்ணும் அளவையே மாற்றுகிறது என்பதற்கு நேரடியான சான்றும் உண்டு. உணவு விளம்பரங்கள் இடம்பெற்ற கார்ட்டூனைப் பார்த்த ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள், பிற விளம்பரங்களைப் பார்த்தவர்களைவிட 45 விழுக்காடு அதிகமாக நொறுக்குத்தீனி தின்றதாக 2009-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. அவர்கள் தின்றது விளம்பரத்தில் வந்த பண்டம்கூட அல்ல, பக்கத்தில் கைக்கு எட்டியது.

ஆகவேதான், மகளிடம் கேள்வி கேட்பதை நான் நிறுத்தாவிட்டாலும், சட்டம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணம் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களை 1980 முதல் தடுத்து வருகிறது. சிலி நாடு 2016-இல், சர்க்கரையோ உப்போ வரம்பு மீறிய பண்டங்களின் உறைகளிலிருந்து குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவங்களையே அகற்றச் செய்தது.