நடந்து வந்தவருக்கு எலும்பு முறிந்திருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57, ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது கடைசிப் படி இருப்பது தெரியாமல் கால் வைத்து, வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஆனாலும் நடந்து வந்து சமையல்கூடச் செய்தார். சாயங்காலம் வீங்கியதும் தெருவில் சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு நீவினோம், ராத்திரிக்குள் வீக்கம் அதிகமாகிவிட்டது. மறுநாள் எக்ஸ்ரே பார்த்து, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் கீறல் என்று ஸ்லாப் (காலின் ஒரு பக்கம் மட்டும் மாவுப்பத்தை வைத்துத் துணி சுற்றும் கட்டு) போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். நடந்தவளுக்கு எப்படி எலும்பு முறியும், கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறார் பெரியம்மா. ஆபரேஷன் செய்ய வேண்டி வருமா? என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் ஒன்று, ஸ்லாபைப் பிரிக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கீறல், கிராக், முறிவு எல்லாம் ஒன்றுதான். எலும்பு விட்டுப்போய்விட்டது, ஆனால் துண்டுகள் இடம் மாறாமல் ஒட்டி நிற்கின்றன என்பதைத்தான் நாங்கள் பயமுறுத்தாமல் கீறல் என்று சொல்கிறோம், அதைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லாரும் அது ஏதோ சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா எப்படி நடந்தார் என்பதற்கும் பதில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். முன்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படும் தடித்த எலும்புதான் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்புக்குத் தாங்க வேண்டிய எடை குறைவு, கணுக்கால் வெளியே சாயாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. அம்மாவுக்கு முறிந்திருப்பது இந்த மெல்லிய எலும்பின் கீழ் முனை. அதனால் வலியோடு நடக்க முடிந்திருக்கிறது. சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதி உடைந்தாலும் இப்படித்தான், குதிகாலை ஊன்றி நடந்தே வந்துவிடுவார்கள்.

சுளுக்கா முறிவா என்று தெரிந்துகொள்ள 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் ஓர் எளிய வழிமுறை கொண்டு வந்தார்கள், இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்தும்போது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பில் வலித்தாலும், உள்பக்க வளைவின் மேலே இருக்கும் எலும்பில் வலித்தாலும் அப்படியே. அடிபட்ட உடனேயும் சரி, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சரி, நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் அப்போதும் எக்ஸ்ரே கட்டாயம். ஆனால் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது, அவர்களுக்கு வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காது. அம்மா சமையல் செய்தார் என்று படித்ததும் எனக்கு வந்த கவலை அதுதான். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது போன்றவை அவருக்கு முன்பே இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பு கூட நாளாகும், ஊன்றாமல் இருக்க வேண்டிய காலம் ஆறு வாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்குகூட ஆகலாம்.

நீவியது நடந்து முடிந்த விஷயம், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். இனி நீவ வேண்டாம். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டிதான் இரண்டு மூன்று வாரத்தில் நார் போலவும் குருத்தெலும்பு போலவும் மாறி, பிறகு கெட்டியாகி எலும்பாகிறது. ஆரம்பத்தில் அதை அழுத்திப் பிசைந்தால் வீக்கம்தான் ஏறும்.

ஆபரேஷனைப் பற்றி. கணுக்காலில் மேலே இருக்கும் இரண்டு எலும்புகளும் பாதத்தின் எலும்பை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரிப் பிடித்திருக்கின்றன. உள்பக்க எலும்பும் தசைநாரும் நன்றாக இருந்தால், வெளிப்பக்கம் மட்டும் இடம் விலகாமல் முறிந்ததற்குக் கட்டே போதும். உள்பக்கமும் போயிருந்தால் இடுக்கி அகன்றுவிடும். பாத எலும்பு வெறும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் பொருந்தும் பரப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 1976இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்படி விட்டுவிட்டால் சில வருடங்களில் மூட்டுத் தேய்ந்து நடப்பதே தண்டனையாகிவிடும், அங்கேதான் பிளேட், ஸ்குரூ தேவைப்படுகிறது. ஆகவே கணுக்காலின் உள்பக்கம் வலியோ வீக்கமோ நீலம் பாய்ந்ததோ இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு நகரவில்லை என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம், காசுக்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள்.

பெரியம்மா சொல்வதையும் ஒதுக்கிவிட மாட்டேன். திருத்தணி தாண்டி ஆந்திராவில் இருக்கும் அந்தப் புத்தூர், தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்குப் பேர்போன ஊர், முட்டை வெள்ளையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டி எத்தனையோ பேருக்குச் சரியாகியும் இருக்கிறது. இடம் விலகாத முறிவு அசையாமல் இருந்தால் தானே கூடிவிடும், யார் கட்டினாலும். பிரச்சினை, கட்டு இறுகும்போது. சர்க்கரை இருந்த ஒருவர், நாட்டுக் கட்டு போட்ட நாலாம் நாள் என்னிடம் வந்தார். கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தன. முறிந்தது என்னவோ சின்ன எலும்புதான், ஆனால் முன்பாதத்தை எடுக்க வேண்டி வந்தது. வலி இல்லையே என்று நினைத்தேன் டாக்டர் என்றார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் போட்ட கட்டும் இறுகலாம், அதனால் தினமும் நாலைந்து தடவை அம்மாவின் கால்விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் வெளுத்தாலோ நீலமானாலோ, மரத்தாலோ, நீங்கள் விரலை மேலே நிமிர்த்தும்போது கெண்டைக்காலில் உயிர்போகிற வலி வந்தாலோ, காலைத் தூக்கி வைத்தும் மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேலே சுற்றிய துணியை முழு நீளத்துக்கும் கத்தரித்துத் தளர்த்தி, ஸ்லாபைக் காலோடு அப்படியே பிடித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

கட்டுக்குள் அரித்தால் ஊக்கு, ஸ்கேல், விளக்குமாற்றுக் குச்சி எதையும் விடாதீர்கள், சர்க்கரைக்காரருக்கு அந்தக் கீறல் புண்ணாகிக் குதிகால் வரை போகும். காலைத் தொங்கப் போடாமல் படுக்கும்போது இரண்டு தலையணை மேல் வையுங்கள். கக்கூஸுக்குப் போகவர வாக்கர் வாங்கிக்கொடுங்கள். படியில் போயே ஆக வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டுப் போட்ட கால் முதலில், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தால் தப்பில்லை, ஆனால் அதில் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் இருக்கிறது. கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும், அடையாகச் செய்து கீரையும் பருப்பும் சேர்த்துக் கொடுங்கள், ஒரு முட்டையும். வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி இரண்டையும் பரிசோதிக்க வேண்டுமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

கட்டைப் பிரிக்கும் நாளில் அம்மா வீட்டில் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். கெண்டை இளைத்துக் கணுக்கால் விறைத்து, கால் பழையபடி இருக்காது, பார்த்துப் பயப்படுவார். எந்தச் செருப்பில் நடக்கலாம், எவ்வளவு எடை வைக்கலாம், பிசியோதெரபி எப்போது தொடங்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு, அவர்கள் முன்னாலேயே நாலு அடி நடக்க வைத்துக் கூட்டி வாருங்கள்.