வீடுகளுக்குச் செல்லும் தொண்டர்களுக்கு எங்கே, எப்படிப் பயிற்சி கொடுப்பது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பகுதியில் எங்கள் மாதர் சங்கப் பெண்கள் சிலர், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று குடும்பங்களுக்குத் துணை நிற்கிறார்கள். வீட்டு விபத்துகளைத் தடுப்பது பற்றி அவர்களுக்கு ஒருநாள் கருத்தரங்கு வைத்தோம், துண்டுப்பிரசுரமும் கொடுத்தோம். வீடுகளில் எதுவும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பயிற்சியை மண்டபத்திலிருந்து ஒரு வீட்டு முற்றத்துக்கு மாற்றுங்கள். தவழும் பிள்ளை உள்ள ஒரு தொண்டரின் வீடே போதும். எல்லோரையும் முழங்காலிட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை அப்போது கண்ணில் படும்: தேநீர்க் கோப்பை இருக்கும் மேசையிலிருந்து தொங்கும் விரிப்பு நுனி, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கென்று சோடாப் போத்தலில் வாங்கிவைத்த மண்ணெண்ணெய், வேலியோரம் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் அலரிக் காய். அந்த விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

அதிக நேரத்தைக் கிணற்றடியில் செலவிடுங்கள். கட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. கட்டை ஒட்டி உடுப்புத் தோய்க்கும் கல்லோ கவிழ்த்த வாளியோ இருந்தால், உயரமான கட்டுக்கும் அதுவே படியாகிவிடும். தண்ணீர்த் தொட்டியையும் நிரம்பிய வாளியையும் பாருங்கள். சில அங்குலத் தண்ணீரே குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. ஆகவே “அழுதால் கேட்கும்தானே” என்ற நம்பிக்கையைத் தாய்மாரிடம் முதலில் மாற்ற வேண்டும். பங்குக் கிணறு என்றால் ஒரு வீட்டாரிடம் மட்டும் பேசிப் பயனில்லை. பங்குகாரர் அனைவரையும் ஒன்றாக இருத்தி, கம்பி வலை மூடிக்குச் செலவைப் பிரிப்பது பற்றிப் பேசும் திறமை தொண்டருக்கு வேண்டும். அதையும் பயிற்சியில் நடித்துப் பழகட்டும்.

பேச்சுப் பழக்கத்தைத்தான் பல பயிற்சிகள் விட்டுவிடுகின்றன. ஆபத்துகளை அடுக்கிச் சொல்லும் தொண்டரைக் குற்றம் பிடிக்க வந்தவராகவே வீட்டார் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, “தங்கச்சி, பிள்ளை எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டாரா? எங்கெங்கே போகிறார் என்று காட்டுங்கள்” என்று கேட்கலாம். தாய் வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே பாதி ஆபத்தைத் தானே சொல்லிவிடுவார். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா என்றால் அவரிடமே பேசுங்கள். மகளுக்குச் சொன்னது அவரைப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு சந்திப்பில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதையும் அங்கேயே செய்துமுடிக்க வேண்டும். வெறும் அறிவுரையைவிட, பொருளும் கொடுத்துப் பொருத்தியும் தந்தால் பலன் அதிகம். தொண்டரின் பையில் அலுமாரிக் கொக்கி, ஆணி, சுத்தியல், கயிறு இருக்கட்டும். இரண்டு வாரத்தில் மீண்டும் போய், பொருத்தியது நிலைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மின்சாரச் செருகு துளைகளுக்கு மூடி போடுவது எளிது. அதற்கு நீண்ட வகுப்பு தேவையில்லை.

முதலுதவியில் மூன்றைச் செய்துகாட்டிப் பழக்குங்கள். சுட்ட இடத்தில் பற்பசை பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விட வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆபத்தென்றால் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும்.

பயிற்சி நாளுக்கு உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரையும் அழையுங்கள். எந்த வீட்டில் எந்த வயதுப் பிள்ளை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தவழத் தொடங்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொண்டர்கள் தொடங்கலாம்.